பல்லாவரம் சந்தையில் ஒரு ஜோடி கிளி... வீட்டுக்கு வந்த பிறகு என்ன கொடுப்பது?

வெள்ளிக்கிழமை காலை. கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில் பல்லாவரத்தில் நின்றதும் பாதிப் பெட்டி காலியாகிறது. கையில் வெறும் பையோடு இறங்குகிறவர்கள் எல்லோரும் போகிற இடம் ஒன்றுதான். பழைய டிரங்க் ரோட்டில் வாராவாரம் கூடும் வெள்ளிக்கிழமைச் சந்தை.

பழைய செருப்பு, புதுச் செடி, ஓடாத கடிகாரம், ஓடுகிற மிக்ஸி, கருவாடு, கதவு, ஜன்னல் என்று இங்கே கிடைக்காத பொருளைச் சொல்வதுதான் கஷ்டம். பக்கத்திலேயே விமான நிலையம் என்பதால், பேரம் பேசும் குரல்களுக்கு மேல் அவ்வப்போது ஒரு விமானம் தாழ்வாகக் கடந்து போகிறது. இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1863-ம் ஆண்டு மே 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் அறிஞர் கற்கால மனிதன் செதுக்கிய கல் கருவியைக் கண்டெடுத்தது இதே பல்லாவரத்தில்தான். இந்தியாவின் வரலாற்றுக்கு முந்தைய கால ஆய்வு அந்த ஒரு கல்லில் இருந்துதான் தொடங்கியது என்பார்கள்.

ஆனால், சந்தைக்கு வரும் குழந்தைகளுக்கு அந்தக் கல்லும் தெரியாது, கடிகாரமும் வேண்டாம். அவர்கள் அப்பாவின் கையை இழுத்துக்கொண்டு ஓடுவது கூண்டுகள் அடுக்கியிருக்கும் பக்கம்.

கீச்... கீச்... கூண்டு வரிசை

முயல், புறா, சாயம் பூசிய கோழிக்குஞ்சு, அதைத் தாண்டினால் கம்பிக் கூண்டுகளில் பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை என்று கீச்சிடும் சின்னப் பறவைகள். நம் ஊரில் எல்லோரும் இவற்றை ‘லவ் பேர்ட்ஸ்’ என்கிறார்கள். உண்மையில் இவற்றின் பெயர் பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சின்னக் கிளி இனம். நிஜமான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, கொஞ்சம் குண்டு. பக்கத்துக் கூண்டில் தலையில் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டுமாக நிற்பது காக்கட்டீல். கடைக்காரர்கள் வாயில் அது ‘காக்டெயில்’ ஆகிவிட்டது.

ஒரு சிறுமி நீலமும் மஞ்சளுமாக ஒரு ஜோடியைக் காட்டுகிறாள். அப்பா விலை பேசுகிறார். அம்மா மட்டும் சந்தேகத்தோடு கேட்கிறார்.

“அண்ணா, இது என்ன சாப்பிடும்?”

“தினை போதும்மா. ஒரு கிலோ வாங்கிட்டுப் போனீங்கன்னா ரெண்டு மாசத்துக்குக் கவலை இல்ல.”

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் இங்கே பலமுறை கேட்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. தினை மட்டும் கொடுத்தாலும் அந்தப் பறவை ரெண்டு மாதம் இருக்கும். ஆறு மாதமும் இருக்கும். நல்ல தீனி கிடைத்தால் பட்ஜெரிகர் ஐந்து முதல் பத்து வருடம் வாழக்கூடியது, காக்கட்டீல் பதினைந்து வருடத்தைத் தாண்டியும் வாழும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

தினையும் கிளியும்

கிளிக்கும் தினைக்கும் உள்ள உறவு தமிழர்களுக்குப் புதிதல்ல. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி விரட்டிய வள்ளியின் கதை எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் தினையில் என்ன தப்பு?

புனத்துக்கு வந்த கிளி தினையை மட்டும் தின்று வாழவில்லை. கொய்யாவைக் கொத்தியது, கோவைப்பழத்தைத் தின்றது, பூவையும் மொட்டையும் துளிரையும் கடித்தது, நாள் முழுக்கப் பறந்தது. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் பட்ஜெரிகர் கூட்டம் தின்பதும் புல் விதைதான். ஆனால், பால் பிடித்த பச்சை விதையில் தொடங்கி முற்றிய விதை வரை, பல வகைப் புற்களின் விதை. தண்ணீரும் தீனியும் தேடி அவை வெகுதூரம் பறக்கும். தின்ற கொழுப்பெல்லாம் அந்தப் பறத்தலில் கரைந்துவிடும்.

ஒரு முழம் கூண்டில் பறக்க எங்கே இடம்? காய்ந்த விதையில் கொழுப்பும் மாவுச்சத்தும் இருக்கின்றன. வைட்டமின் ஏ, கால்சியம் இரண்டும் மிகக் குறைவு. காக்கட்டீலுக்கும் பெரிய கிளிகளுக்கும் கொடுக்கும் சூரியகாந்தி விதையில் கொழுப்பு இன்னும் அதிகம். குழந்தைக்கு மூன்று வேளையும் வேர்க்கடலை மிட்டாய் கொடுப்பது மாதிரி. ஆசையாகத் தின்னும், உடம்பு உள்ளுக்குள் கெடும். ஈரலில் கொழுப்பு சேரும். வைட்டமின் ஏ குறைந்தால் மூக்கு, தொண்டையின் உள்தோல் பலவீனமாகி நோய்க்கிருமி சுலபமாக நுழையும். கால்சியம் குறைந்த பெண் பறவைக்கு முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும்.

சமையலறையிலேயே இருக்கிறது

இதற்கெல்லாம் விலை உயர்ந்த வெளிநாட்டு உணவு வாங்க வேண்டுமா? பறவைகளுக்கென்று சத்துகளைச் சரியாகக் கலந்து தயாரிக்கும் பெல்லட் உருண்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்க முடிந்தவர்கள் அதைத் தினமும் சேர்க்கலாம், நல்லதுதான். ஆனால், மீதியெல்லாம் இதே சந்தையின் காய்கறிக் கடையிலேயே இருக்கிறது. கூண்டு வரிசையிலிருந்து பத்தடி நடந்தால் போதும்.

கேரட், மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் இவை மூன்றும் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து நிறைந்தவை. கிழங்கை வேகவைத்தும், கேரட்டைத் துருவியும் கொடுக்கலாம். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, முளைக்கீரை என்று கீரையை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். பசலைக்கீரை போன்றவற்றில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் அதையே தினமும் கொடுக்கக் கூடாது.

பாசிப்பயறை முளைகட்டி, நன்றாக அலசிக் கொடுக்கலாம். ராஜ்மா, மொச்சை போன்ற பெரிய பயறுகளைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. நன்றாக வெந்த பிறகுதான். கைக்குத்தல் அரிசி, சாமை, கம்பு இவற்றில் ஒன்றைக் குழையாமல் வேகவைத்து, காய், கீரை, பயறோடு பிசறினால் கிளிக்கான கதம்பச் சாதம் தயார். வாரத்தில் ஓரிரு நாள் வெந்த முட்டையை உதிர்த்து ஒரு சிட்டிகை சேர்க்கலாம்.

இதற்காகத் தனியாக அடுப்பு பற்ற வைக்க வேண்டியதில்லை. பொரியலுக்குக் காய் நறுக்கும்போதே, உப்பு போடும் முன், தாளிக்கும் முன், ஒரு கைப்பிடி எடுத்து வைத்தால் போதும். பட்ஜெரிகருக்கு நாளைக்கு ஒரு தேக்கரண்டி காய்க் கலவையும் ஒன்றரைத் தேக்கரண்டி விதையும் தாராளம். காக்கட்டீலுக்கு இதைப்போல இரண்டு பங்கு. தினையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. அது மட்டுமே சாப்பாடு என்பதுதான் மாற வேண்டும். பால் பிடித்த கம்பங்கதிரோ தினைக்கதிரோ கிடைத்தால் கூண்டில் அப்படியே செருகி வையுங்கள். அன்றைக்கு அதற்குத் தீபாவளி.

பழம் தினமும் ஒரு சின்னத் துண்டு போதும். கொய்யா, பப்பாளி, மாதுளை எதுவானாலும் சரி. கோவைக்காய், பச்சை மிளகாய்கூடக் கொடுக்கலாம். நமக்கு எரிகிற மிளகாய்க் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை, அதை உணரும் தன்மை அவற்றுக்கு இல்லை. சந்தையில் ‘கடல் நுரை’ என்ற பெயரில் விற்கும் கணவாய் ஓட்டைக் கூண்டுக் கம்பியில் கட்டிவிட்டால், வேண்டும்போது கொத்திக்கொள்ளும். கால்சியம் கிடைக்கும்.

கொடுக்கக் கூடாதவை

பாசத்தில் நாம் கொடுக்கும் பல பண்டங்கள் கிளிக்கு விஷம். அவகாடோ என்கிற வெண்ணெய்ப்பழம் சின்னத் துண்டுகூட உயிரைப் பறிக்கலாம். சாக்லேட், காபி, டீ கூடாது. வெங்காயம், பூண்டு கூடாது. ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிட வேண்டும். மிக்ஸர், முறுக்கு, சிப்ஸில் உள்ள உப்பு அந்தச் சின்னச் சிறுநீரகத்துக்குத் தாங்காது. பால் சாதம் ஊட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைக்கு இல்லை, வயிறு கெடும்.

கொடுக்காமலே கொல்வதும் ஒன்று உண்டு. நான்ஸ்டிக் தவா காலியாக அடுப்பில் சூடேறிவிட்டால் வரும் புகை நமக்குத் தெரியாது. பக்கத்தில் கூண்டு இருந்தால் பறவை சில நிமிடங்களில் செத்துவிடும். கூண்டைச் சமையலறையில் வைக்காதீர்கள்.

கிண்ணம் நிறைய உமி

இந்தச் சந்தையில் பறவை வாங்கிப் போகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று இருக்கிறது. கிளி விதையை அப்படியே விழுங்காது. அலகால் தோலை உரித்து, பருப்பை மட்டும் தின்னும். உரித்த உமி அந்தக் கிண்ணத்திலேயே விழும். கொஞ்ச நேரத்தில் மேலே முழுக்க உமிதான். தூரத்திலிருந்து பார்த்தால் கிண்ணம் நிறையத் தினை இருப்பது போலவே தெரியும்.

“காலையில போட்டது அப்படியே இருக்கே” என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். இரண்டு நாள் ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, நிறைந்திருக்கிறது என்று கதவைப் பூட்டிக்கொண்டு போவார்கள். முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள பட்ஜெரிகருக்கு ஒரு நாள் பட்டினியே ஆபத்து. திரும்பி வந்து பார்க்கும்போது கூண்டின் தரையில் கிடக்கும். ‘நல்லாத்தான் இருந்துச்சு, தீனிகூட மிச்சம் இருக்கு’ என்பார்கள். மிச்சம் இருந்தது உமி.

தினமும் காலையில் கிண்ணத்தை வெளியே எடுத்து, வாயால் ஒருமுறை ஊதிப் பார்க்க வேண்டும். பறக்கிறது உமி, தங்குவது தீனி. குழந்தைகளுக்குக் கொடுக்கச் சரியான வேலை இது.

மெல்ல மெல்ல மாற்றுங்கள்

பல மாதம் தினை மட்டுமே தின்ற பறவையின் முன் திடீரென்று கேரட்டை வைத்தால், அது உணவு என்றே அதற்குத் தெரியாது. பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்று நினைப்பது பெரிய தப்பு, பட்டினியிலேயே போய்விடும். முதலில் தினையோடு சிட்டிகை துருவலைக் கலந்து வையுங்கள். அல்லது கொத்தமல்லிக் கொத்தை நனைத்துக் கூண்டில் தொங்கவிடுங்கள். விளையாட்டாகக் கொத்த ஆரம்பித்து, பிறகு தின்னப் பழகும். அதன் முன்னால் உட்கார்ந்து நீங்கள் ஒரு துண்டு கேரட்டைக் கடித்துக் காட்டினால், அதுவும் வந்து பார்க்கும். கூட்டமாகத் தின்று பழகிய ஜாதி அது. மாற்றம் முடியச் சில வாரம், சில சமயம் சில மாதம்கூட ஆகலாம்.

இந்த நாட்களில் சமையலறைத் தராசில் வாரம் இரண்டு முறை எடை பாருங்கள். எடை சட்டென்று குறைந்தால் பழைய தீனியைக் கூட்டுங்கள். காய்க் கலவையைக் காலைப் பசியில் வைத்து, இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். சென்னை வெயிலில் அதற்குமேல் புளித்துவிடும். தண்ணீரை இரண்டு வேளை மாற்ற வேண்டும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் மூடி ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் தாமதிக்காதீர்கள். முடியாத நிலை வரும்வரை நோயை மறைப்பது பறவைகளின் சுபாவம். வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வளர்ப்புப் பறவைகளுக்கும் சிகிச்சை உண்டு.

பச்சைக்கிளி வேண்டாம்

மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் தோளிலும் பார்த்துப் பழகிய பச்சைக்கிளிதான் வேண்டும் என்று கேட்பவர்களும் சந்தைக்கு வருகிறார்கள். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், வளர்ப்பதும் குற்றம். யாராவது ரகசியமாக நீட்டினாலும் வாங்காதீர்கள். அது ஏதோ ஒரு மரப்பொந்திலிருந்து திருடப்பட்ட குஞ்சு. சன் கானூர், மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டு இனங்களை வளர்க்கிறவர்கள் மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

மதியம் தாண்டினால் வெயில் ஏறுகிறது. கூண்டுகளின் மேல் ஈரச் சாக்கைப் போடுகிறார்கள். அந்தச் சிறுமியின் கையில் இப்போது ஒரு சின்னக் கூண்டு. அப்பாவின் பையில் ஒரு கிலோ தினை. ரயில் நிலையம் போகும் வழியில் அம்மா காய்கறிக் கடை முன் நிற்கிறார்.

“கேரட் அரைக் கிலோ கொடுங்க. அந்த முருங்கைக்கீரையும் ஒரு கட்டு.”

“வீட்ல கீரை இருக்கேம்மா” என்கிறாள் சிறுமி.

“இது உன் கிளிக்குடி.”