மலையூரில் டீசல் கார்

வெலிங்டனில் டீசல் கார் வைத்திருப்பது, ஆழாக்கு அரிசி வேக வைக்க அண்டாவை அடுப்பேற்றுவது போன்றது. இங்கிருந்து குன்னூர்ச் சந்தை ஏறத்தாழ 3 கிலோமீட்டரே. படையிலிருந்து ஓய்வு பெற்ற என் அண்டை வீட்டார், சேமித்த பொருளையெல்லாம் கொட்டி ஒரு டீசல் கார் வாங்கினார். எண்ணெய்ச் செலவு குறையும் என்பது அவர் கணக்கு. உண்மைதான், நெடுந்தொலைவு ஓடினாலன்றோ மிச்சம்! மேலும், 2014 அக்டோபரில் டீசலின் விலைக் கட்டுப்பாடு நீங்கியபின் பழைய மலிவும் இல்லை.

2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் டீசல் கார்களில், புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. இயந்திரம் நன்கு சூடேறி, வண்டி சீரான வேகத்தில் நெடுநேரம் ஓடினால், தங்கிய கரி தானே எரிந்துவிடும். மார்கழிக் குளிரில் புறப்பட்டு, சூடேறுமுன்பே சந்தையில் நின்றுவிடும் வண்டியில் அது எங்ஙனம் எரியும்? வடிகட்டி அடைத்துக்கொண்டது. அதனை மாற்றும் செலவைக் கேட்டதும் அவர் முகம் வாடிற்று. அவருடைய ஓய்வூதியம் அதற்குப் போதாது. சமவெளிச் சாலையில் அடிக்கடி ஓட்டி வருமாறு பணிமனையில் கூறினர்.

சென்ற வாரமும் மேட்டுப்பாளையம் இறங்கி, கோவைச் சாலையில் நெடுந்தூரம் சென்று திரும்பினார். "என்ன அலுவலாகப் போனீர்கள்?" என்று வினவினேன்.

"கரி எரிக்க" என்றார்.