கடைச் சாவி யார் கையில்?



நமது புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஒரு குடும்பத்தார் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதைப் படம்பிடித்து, 2018 ஆம் ஆண்டில் யூடியூபில் வெளியிடத் தொடங்கினர். 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்னும் அப்பெயரை அறியாதார் இன்று அரியர். 2021 இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைப் பெற்ற முதல் தமிழ்ச் சேனல் என்னும் சிறப்பை அது எய்தியது. நம் மண்ணுக்குப் பெருமைதான், ஐயமில்லை. ஆனால் அந்தப் பெருமையைக் காட்டியே ஊர் ஊராகச் சென்று சிறு வியாபாரிகளை மயக்க ஒரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. "மாதம் இவ்வளவு கொடுங்கள். முகநூல், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்கின்றனர். ஆதனக்கோட்டையில் முந்திரி வறுத்து விற்பவரும், வீட்டிலிருந்தபடியே புர்கா தைத்துக் கொடுக்கும் நம் பெண்மக்களும் இதைக் கேட்டுத் திகைத்து நிற்கின்றனர்.

மதரஸாவில் ஓதிக்கொடுப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று தாங்கள் வினவலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் தாய்மார்கள் கைப்பேசியை நீட்டி, "ஹஜ்ரத், இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கின்றனர். கலைக் கல்லூரியில் கற்ற கொஞ்ச ஆங்கிலம் எனக்கு இந்த உத்தியோகத்தையும் பெற்றுத் தந்துவிட்டது!

எங்கள் தெருவில் ஒரு சகோதரி ஓட்டுமாவும் நார்த்தங்காய் ஊறுகாயும் செய்து விற்கிறார். கணவர் மறைந்தபின் இரு பிள்ளைகளையும் படிக்கவைப்பது அந்த அடுப்புதான். உறவுக்காரப் பிள்ளை ஒருவர் நல்லெண்ணத்தோடு அவருக்கு ஒரு முகநூல் பக்கம் திறந்து கொடுத்தார். எண்ணும் மின்னஞ்சலும் அந்தப் பிள்ளையுடையவை. மூன்றாண்டுகளில் சென்னை, கோவை, துபாய் என்று வாடிக்கையாளர் பெருகினர். பிறகு அவர் சவூதிக்கு வேலைக்குச் சென்றார். பழைய எண் செயலிழந்தது. கடவுச்சொல்லோ நினைவில் இல்லை. தேங்காய் விலை ஏறிய நேரம், ரமலானுக்குப் பத்து நாட்களே இருந்தன. புதிய விலையை அறிவிக்க வழியில்லை. பழைய விலையைப் பார்த்தே ஆர்டர்கள் வந்து குவிந்தன.

"கடை என்னோடதுதான் ஹஜ்ரத். ஆனா உள்ளே போக எனக்கு வழியில்லை" என்றார் அவர்.

படங்களையும் விலையையும் விளம்பரச் சொற்களையும் ஓரிடத்தில் வைத்து, வேண்டிய நாளில் வெளியிட்டு, வரும் கேள்விகளுக்கு விடை தர உதவும் கருவிகள் பல இருக்கின்றன. எது சிறந்தது என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. சாவி யாருடைய பெயரில் இருக்கப் போகிறது என்பதை அதற்கு முன் கேட்க வேண்டும் என்பேன். அவர் பெயரில் வாங்கிய புதிய சிம் கார்டிலிருந்தே மீண்டும் தொடங்கினோம்.

முதலில் 'வாட்ஸ்அப் பிசினஸ்'. 2018 இல் வந்தது, கட்டணமில்லை. பொருள்களைப் படத்தோடும் விலையோடும் பட்டியலாக அடுக்கிவைக்கலாம். விலை மாறினால் அங்கேயே திருத்திவிடலாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு விடையை எழுதிவைத்து, ஒரே தொடுதலில் அனுப்பலாம். அடுப்படியில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஒரே செய்தியை 256 பேர் வரை அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்போருக்கே அது சென்று சேரும். இதைப் பலர் அறியார். அதனால் இப்போது ஒவ்வொரு பொட்டலத்திலும், "இந்த எண்ணைச் சேமித்து வையுங்கள்" என்ற துண்டுச்சீட்டு ஒன்று போகிறது.

அடுத்தது 'மெட்டா பிசினஸ் சூட்'. முகநூலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் உரியவற்றை முன்கூட்டியே ஏற்றி, நாளும் நேரமும் குறித்துவிடலாம். ரமலானின் கடைசிப் பத்தில் இரவெல்லாம் மாவு வறுப்பவர் அந்நேரத்தில் விளம்பரம் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? இதன் மற்றொரு நன்மை எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. முழு உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, உதவுபவருக்கு வேண்டிய அளவு அனுமதி மட்டும் தரலாம். அவர் விலகும்போது அதை நீக்கிவிடலாம். கடவுச்சொல்லை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

படம் அமைக்க 'கேன்வா' போதும். தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. விலையைப் படத்தின் மேல் மட்டும் எழுதாதீர்கள். அப்படம் கை மாறிக் கை மாறி, ஓராண்டு கழித்தும் பழைய விலையோடு திரும்பி வரும்.

'பஃபர்' போன்ற கருவிகள் பல தளங்களை ஒருசேர நிர்வகிப்போருக்கானவை. கட்டணமின்றியும் அதில் மூன்று கணக்குகளை இணைக்கலாம். ஆனால் இலவசம் என்பது நிலையன்று. 'ஹூட்சூட்' தன் இலவசத் திட்டத்தை 2023 இல் நிறுத்திவிட்டது. 'வேர்ட்பிரஸ்' கொண்டு சொந்த இணையதளம் அமைப்பது வெளி மாநிலங்களுக்கு முந்திரி அனுப்புவோருக்குப் பொருந்தும். மென்பொருள் இலவசமாயினும், பெயருக்கும் இடத்துக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். வாரம் பத்துக் கிலோ ஓட்டுமா விற்பவருக்கு அது வீண் சுமை.

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் நம் நாட்டில் தடை செய்யப்பட்டபோது, அதையே நம்பியிருந்தோரின் உழைப்பெல்லாம் ஒரே இரவில் மறைந்தது. 2021 அக்டோபர் 4 அன்று முகநூலும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. கூகுள் தன் வணிகக் கணக்கின் வழியே கடைக்காரர்களுக்கு இலவசமாக அமைத்துக்கொடுத்த இணையதளங்களை 2024 மார்ச்சில் மூடியது. ஆகவே அச்சகோதரிக்கு ஒரு நீளக் கணக்குப் புத்தகமும் வாங்கிக் கொடுத்தேன். வாடிக்கையாளரின் பெயர், எண், ஊர், கடைசியாக வாங்கிய பொருள் ஆகியவற்றை மூத்த மகள் ஞாயிறுதோறும் அதில் எழுதுகிறாள். அவை பிறர் நம்மை நம்பித் தந்த அமானிதம். விளம்பரம் செய்து தருகிறேன் என்று வருவோரிடம் அந்தப் புத்தகத்தை அவர்கள் காட்டுவதில்லை.

பழைய பக்கம் இன்னும் மீளவில்லை. ஓட்டுமாவின் பழைய விலை அங்கே அப்படியே நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு இன்றும் சிலர் கேட்கின்றனர். அவர்களுக்கான விடையும் எழுதிவைத்த விடைகளில் ஒன்றாகிவிட்டது.