இரை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்

கடைகளில் விற்கப்படும் நன்னீர் வண்ணமீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை. கடல்மீன்களிலோ மிகப் பல, பவளப்பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவை. ஆகவே, மீனைப் பார்க்குமுன் கடையைப் பார்ப்பது நம் கடமையாகும்.

என் மகள் விரும்பிய வண்ணத்துப்பூச்சி மீனைத் தேடி, சென்னை கொளத்தூரில் பல கடைகள் ஏறி இறங்கினேன். ஒளியும் அலங்காரமும் மிக்க ஒரு கடையில், இறந்த மீனொன்று மூலையில் கிடக்க, மற்றவை மேல்மட்டத்தில் மூச்சுக்குத் தவித்தன. இன்னொன்றில், உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளி கண்ட மீனுக்கும் விலை கூறினர்.

சிறிய கடையொன்றில் இரை போட்டுக் காட்டும்படி கேட்டேன். போட்டார், மீன்கள் பாய்ந்து உண்டன. ஹைட்ரோமீட்டரை நீரிலிட்டு, கடல்நீருக்குரிய 1.025 அளவையும் காட்டினார். ஒதுங்கி நின்ற வண்ணத்துப்பூச்சி மீனை நான் சுட்டியதும், "அது நேற்றுத்தான் வந்தது பாய். இன்னும் இரை எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து வாருங்கள்" என்றார்.

விற்க மறுத்த அச்சொல்லைவிட வேறு நற்சான்று வேண்டுமோ? நோயுற்ற மீனை இரக்கப்பட்டு வாங்குவதும் நன்மையாகாது, அன்பர்களே! காலியான அவ்விடத்திற்கு, கடலிலிருந்து இன்னொரு மீன் வந்து சேரும்.