உளுவை நிறத்தில் ஒரு டியூப்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

டியூப் என்கிற இந்த ரப்பர் இரையைக் கையில் வாங்கிப் பார்க்கிறவர்கள் முதலில் உதட்டைத்தான் பிதுக்குவார்கள். மூன்றரை அங்குல நீளம், உள்ளே பொள்ளல். ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை நூல்நூலாகக் கிழித்து விட்டிருக்கும். கண் இல்லை, செதில் இல்லை, துடுப்பு இல்லை. ஆனால் ஈயத் தலையை உள்ளே செருகித் தண்ணீரில் போட்டுத் தூண்டில் நரம்பைத் தளர விட்டால், வட்டமடித்தபடி இறங்கும். ஈயம் பொள்ளலுக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்காருவதாலும், கொஞ்சம் காற்று உள்ளே மாட்டிக்கொள்வதாலும் வருகிற சுழற்சி அது. நரம்பை இறுக்கிப் பிடித்தால் சுழற்சி போய்விடும், டியூப் நம்மை நோக்கி வளைந்து வந்து சேரும். அதனால் வீசிய கையோடு ரீலைச் சுற்றத் தொடங்குகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது பலன் தராது. இறங்கவிடத் தெரிந்தவர்களுக்குத்தான் தரும்.

1970-களில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பாபி கார்லண்ட் ‘கிட்ஸிட்’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தார். 1998-இல் வட கரோலினாவின் ஹை ராக் ஏரியில் நடந்த பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டியை டென்னி பிரவர் வென்றது டியூபை வைத்துத்தான். எல்லாம் பாஸ் மீனுக்காகச் செய்த வேலை. ஆம்பூர் பக்கம் பாஸ் கிடையாது. விரால் உண்டு, கொரவை உண்டு. மறைவில் பதுங்கிக் கிடந்து பாய்ந்து கவ்வுகிற குணம் பாஸுக்கும் விராலுக்கும் பொது. அந்த நம்பிக்கையில்தான் ஏரிக்கு எடுத்துப் போகிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

ஏரி மீன் குத்தகைக்குப் போயிருக்கிறது. குத்தகைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டாகிவிட்டது. “ஒத்தத் தூண்டிதானே, போட்டுக்கோ. பெருசா மாட்டுனா காட்டிட்டுப் போ” என்றார்.

கரையில் பாய் எனக்கு முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்து ஓய்ந்தவர். விரால் தூண்டில் என்றால் அவருக்கு உயிர்த் தவளைதான். முதுகுத் தோலில் முள்ளை ஏற்றி, தாமரை இலைமேல் தத்த விடுவார்.

“இன்னா தம்பி, ரப்பரைப் போய் விரால் துன்னுமா?”

“துன்ன வேணாம் பாய். கவ்வுனா போதும்.”

இந்த ஏரியில் தாமரையும் வேலம்பாசியும் மண்டிக் கிடக்கின்றன. முள் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வீசும்போதெல்லாம் பாசிதான் வரும். அதனால் கழுத்தில் மடிப்பு வைத்த அகல முள் வேண்டும். மூடிய முனையில் கால் அங்குலம் குத்திப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, மடிப்பு உள்ளே உட்காரும்வரை இழுக்க வேண்டும். பிறகு முள்ளின் நுனியை டியூபின் அடிச்சுவரில் ஏற்றி, பொள்ளலைக் கடந்து, மேற்சுவரில் வெளியே எடுத்து, நுனியை மட்டும் மேல்தோலில் லேசாகப் பதித்துவிட வேண்டும். டியூப் நேராக நிற்பது முக்கியம். கூனல் இருந்தால் இழுக்கும்போது தானும் சுற்றி நரம்பையும் முறுக்கிவிடும். மீன் கவ்வும்போது பொள்ளல் நசுங்கி முள் சுலபமாக வெளியே வருகிறது. கெட்டி ரப்பர் புழுவுக்கு இல்லாத ஆதாயம் இது. பாசிக்குள் போடுவதற்கு நான் இதைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான்.

தாமரை இலைமேல் ஈயம் இல்லாமலே போட்டேன். விரால் காற்றைக் குடிக்க மேலே வந்தே தீர வேண்டும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. தலைக்குள் இருக்கும் அறையில் காற்றை நிரப்பிக்கொண்டு போகும். வந்துபோன இடத்தில் ஒரு வளையம் விரியும். அந்த வளையத்தின் மேலேயே போட்டால் மிரண்டு ஓடிவிடும். இரண்டு மூன்று முழம் தாண்டிப் போட்டு, இலைகள் மேல் இழுத்து வந்து, இடைவெளி கண்ட இடத்தில் நிறுத்த வேண்டும். நூல்கள் விரிந்து ஆடுவது அந்த நிறுத்தத்தில்தான்.

தண்ணீர் உடைந்தது. சத்தம் கேட்டதும் வெட்டி இழுக்கத்தான் கை துடிக்கும். இழுத்தால் டியூப் மட்டும் பறந்து வரும். ஓரிரு விநாடி பொறுத்து, தளர்வை ரீலில் சுற்றி எடுத்து, நரம்பில் கனம் தெரிந்த பிறகு ஓங்கி இழுக்க வேண்டும். விராலின் வாய் எலும்பு. மெல்ல இழுத்தால் முள் ஏறாது. அதேபோல் இந்தப் பாசிக்குள் மெல்லிய நரம்புக்கு இடமில்லை, நாற்பது பவுண்டு பின்னல் நரம்பு போட்டிருந்தேன்.

கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான விரால். பாய் அதை வாங்கித் தலையை அமுக்கிப் பிடித்து, வாயைத் திறந்து பார்த்தார். மீனைவிட, அதன் தாடை ஓரத்தில் தொங்கிய டியூபைத்தான் அதிகம் பார்த்தார்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். குடும்பத்தோடு குடியாத்தம் தாண்டி மோர்தானா அணைக்கு. தூண்டில் எடுத்துப் போகவில்லை. ஆனால் கரைப் பாறைகளுக்கு அடியில் உளுவை மீன்களைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உளுவை நீந்துவதே இல்லை என்று சொல்லலாம். தரையில் வயிற்றை வைத்துப் படுத்திருக்கும். திடீரென்று ஒரு சாண் பாயும், உடனே நின்றுவிடும். நின்ற இடத்தில் புகையாக மண் கிளம்பி அடங்கும். நிறம் தரையின் நிறமேதான், பக்கத்தில் மட்டும் கருந்திட்டுகள். அமெரிக்கப் பேரேரிகளில் 1990 வாக்கில் கப்பல்களின் அடித்தண்ணீரோடு கருங்கடல், காஸ்பியன் பக்கத்து உளுவை ஒன்று வந்து பெருகிவிட்டது. அங்குள்ள சிறுவாய் பாஸ் அதைத் தின்று கொழுக்கிறது. அந்த ஏரிகளில் டியூபைத் தரையோடு இழுப்பவர்கள் இந்த உளுவையைத்தான் நடிக்கிறார்கள். நம் தண்ணீரில் உளுவை எப்போதும் உண்டு. டியூபை ஏன் இவ்வளவு நாள் யாரும் இங்கே போட்டுப் பார்க்கவில்லை என்று மலைப்பாக இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

மதகை ஒட்டிக் கல் பதித்த கரை. தாமரை இல்லாத இடம். இன்று முள் தெரிய, ஏழு கிராம் ஈயத் தலையை டியூபுக்குள் செருகினேன். தலையில் எச்சிலைத் தடவிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். முன் முனைவரை தள்ளி, நரம்பு கட்டுகிற கண்ணை மட்டும் சுவரைத் துளைத்து வெளியே எடுத்துவிட வேண்டும். நிறம் பச்சை கலந்த பழுப்பு. பளபளப்பான சிவப்பும் மஞ்சளும் பாக்கெட்டிலேயே கிடக்கட்டும். மழைக் கலங்கலில் மட்டும் கருப்பு பயன்படும்.

வீசியதும் நரம்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இறங்க இறங்க நரம்பு உள்ளே போகும், தரை தொட்டதும் தளரும். அதன்பின் ரீலைத் தொடாமல் ராடைப் பக்கவாட்டில் ஒரு முழம் நகர்த்தி, நிறுத்தி, தளர்ந்த நரம்பைச் சுற்றி, மறுபடி ஒரு முழம். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை சுண்டி மேலே துள்ளவிட்டு, திரும்பவும் சுழன்று இறங்கவிட வேண்டும். கடி பெரும்பாலும் அந்த இறக்கத்தில் வருகிறது. வெடுக்கென்ற இழுப்பை எதிர்பார்க்கக் கூடாது. போக வேண்டிய ஆழம் போகுமுன் நரம்பு நின்றுவிடும், அல்லது ஓரமாக நகரும், அல்லது ஈரத்துணி மாட்டினாற்போல் ஒரு கனம். இந்த மூன்றில் எது வந்தாலும் மீன்தான்.

எனக்கு இதில் பிடித்தது மீனைவிடவும் தரை. கல்லில் டக்கென்று முட்டும், மணலில் நறநறவென்று வரும், சேற்றில் சத்தமே இல்லாமல் பிடித்து இழுக்கும். கம்பெனியில் கட்டிங் மேசையில் தோலை விரித்து உள்ளங்கையால் தடவும்போது உண்ணி கடித்த தழும்பும், கழுத்துச் சுருக்கமும், உரிக்கும்போது கத்தி பட்ட கீறலும் கண்ணுக்கு முன் கைக்குத் தெரிந்துவிடும். நரம்பின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து இழுக்கும்போது அதே கை வேலை செய்கிறது. கல் முடிந்து சேறு தொடங்குகிற விளிம்பு எங்கே என்று இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த விளிம்பில் இரண்டு கொரவையும் ஒரு பெரிய உளுவையும் வந்தன. உளுவையின் வாய்க்குள் டியூப் பாதிகூடப் போகவில்லை, ஆனாலும் விடவில்லை.

ஜனவரி 30, வியாழன்

பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு. தோல் கழிவால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, மாசுபடுத்திய ஆலைகளிடம் அதை வசூலிக்க வேண்டும், கண்காணிக்கக் குழு அமைக்க வேண்டும் என்று உத்தரவு.

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்குப் போட்டது 1991-இல். 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று எழுதியது. நாடெங்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் எடுத்துக் காட்டுகிற தீர்ப்பு அது. நம் பாலாற்றைப் பற்றிய தீர்ப்பு. அது வந்து இருபத்தெட்டு வருஷம் கழித்தும் இழப்பீட்டைக் கொடு என்று மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. உவர்ந்துபோன கிணற்றோடு காத்திருந்தவர்களில் எத்தனை பேர் இதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

தோல்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் இப்போதெல்லாம் பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது தரையைத்தான் நினைக்கிறேன். பச்சைத் தோலுக்குப் போட்ட உப்பு தண்ணீரில் கரைந்து கிணறுவரை போய்விட்டது. குரோமியம் பெரும்பாலும் சேற்றோடு சேர்ந்து அடியில் படியும். மேலே தண்ணீர் தெளிந்திருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஊருக்குக் கீழே ஆற்றுக் குட்டைகளில் பிடிக்கிற விராலை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. காற்றைக் குடித்து வாழத் தெரிந்த மீன் என்பதால், மற்ற மீன் நிற்காத தண்ணீரிலும் அது நிற்கும். அது இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர் நன்றாயிருக்கிறது என்று அர்த்தமில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ரப்பர் என்று சொன்னாலும் டியூப் பிவிசி பிளாஸ்டிக்தான். இளக்கத்துக்கு எண்ணெய் மாதிரி ஒரு ரசாயனம் சேர்த்து, சூட்டில் வார்த்தது. வேறுவேறு கம்பெனி ரப்பரை ஒரே பையில் போட்டால் ஒன்றோடொன்று சாயம் இறங்கி இளகிவிடும். வந்த பாக்கெட்டிலேயே நேராகக் கிடக்க வேண்டும், மடங்கிக் கிடந்தால் அந்த மடிப்பு போகாது.

பாசியில் அறுந்து போகிற ஒவ்வொன்றும் ஏரிக்குள்ளேயே கிடக்கும். கிடக்கக் கிடக்க ஊதும். மீன் விழுங்கினால் வயிற்றில் தங்கும். 2013-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ரப்பர் இரைகளையே தடை செய்யக் கோரி மசோதா வந்தது இதனால்தான். ஈயத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அன்னங்கள் ஈயக் குண்டை விழுங்கிச் செத்ததால் பிரிட்டனில் 1987-இல் சிறிய ஈயக் குண்டுகளைத் தடை செய்தார்கள். டங்ஸ்டன் விலை அதிகம், ஆனாலும் இருக்கிற ஈயம் தீர்ந்ததும் அதற்கு மாறப்போகிறேன்.

பாயிடமும் இதைச் சொன்னேன். டியூப் வந்ததால் ஒரு தவளை பிழைக்கிறது, மீனையும் விட முடிகிறது. இரண்டும் நல்லதுதான். ஆனால் கழிவைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்த ஊர்க்காரர்கள் நாம், பிளாஸ்டிக்கையும் நாமே அடியில் போட்டுவிட்டு வரக் கூடாது. கிழிந்த டியூப், நுனி அறுந்தது, கரையில் யாரோ போட்ட நரம்பு எல்லாம் என் டப்பாவுக்குள் வருகிறது. கிழிசல் சின்னதாக இருந்தால் சூடான கம்பியால் தொட்டு ஒட்டிவிடலாம், முள்ளை மறுபக்கம் ஏற்றினாலும் இன்னும் சில மீன் தாங்கும். உருக்கி மறுபடி வார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகை நஞ்சு, சமையலறையில் செய்கிற வேலையில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

தாமரை ஓரத்தில் செம்மஞ்சளாக ஒரு திட்டு கொதித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், மூச்சுக்கு மேலே வந்து வந்து அமிழ்கின்றன. அடியில் தாய் தகப்பன் காவல் இருக்கும். அந்தத் திட்டின் நடுவே எதைப் போட்டாலும் பாய்ந்து கவ்வும், பசிக்காக அல்ல, விரட்டுவதற்காக. இதைவிடச் சுலபமாக விரால் பிடிக்க வழியே இல்லை. அதனாலேயே செய்யக் கூடாது. காவல் போனால் சற்று நேரத்தில் கெண்டையும் கெளுத்தியும் அத்தனையையும் தீர்த்துவிடும். வேறு பக்கம் நகர்ந்துவிட்டேன்.

பாஸை இங்கே கொண்டுவந்து விட்டால் என்ன என்று கம்பெனியில் ஒரு பையன் கேட்டான். ஜப்பானில் 1925-இல் ஆஷி ஏரியில் விட்டார்கள். பின்னாளில் பிவா ஏரிவரை பரவி உள்ளூர் மீனைத் தின்றது. 2005-இல் அதை உயிரோடு கொண்டுபோகவே தடை போட்டார்கள். நம் விராலின் பங்காளி ஒன்று 2002-இல் அமெரிக்காவில் மேரிலாந்தின் குரோஃப்டன் குளத்தில் கிடைத்ததும் அந்தக் குளத்துக்கு மருந்தடித்துக் கொன்றார்கள். வித்தை கடல் தாண்டி வரலாம். மீன் அதனதன் தண்ணீரில் இருக்கட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

தண்ணீர் கல் கரையை விட்டு உள்வாங்கிவிட்டது. மீனெல்லாம் மதகுப் பள்ளத்தில் நெருங்கிக் கிடக்கிறது. டியூபைச் சும்மா போட்டாலே மாட்டும். இந்த வருஷத்துக்கு நிறுத்துகிறேன் என்றேன்.

பாய்க்குக் கோபம். “நீ வுட்டா இன்னா? அடுத்த வாரம் குத்தகைக்காரன் வலையைப் போட்டு மொத்தத்தையும் அள்ளப் போறான்.”

அவர் சொல்வது சரிதான். குத்தகைப் பணம் கட்டியவர் அள்ளாமல் என்ன செய்வார். சாயங்காலம் குத்தகைக்காரர் வீட்டுக்கே போனேன். முட்டை வயிற்றோடு மாட்டுகிற பெரிய விரால்கள் சிலதையாவது பள்ளத்திலேயே விட்டுவிட முடியுமா, அதன் விலையை நான் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டேன். யோசித்தார். எடை போட்டுத்தான் விலை சொல்வேன் என்றார். சரி என்றேன். வலை இழுக்கிற அன்று காலை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். பாயும் வருகிறாராம். எந்த விரால் முட்டையோடு இருக்கிறது என்று அவர் கைதான் சரியாகச் சொல்லும்.