மருத்துவச்சி எழுதிய நோட்டு

அமெரிக்காவில் 1846-ல் மார்மன் மதத்தினர் நாவூ நகரிலிருந்து விரட்டப்பட்டு மேற்கே கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் பாட்டி செஷன்ஸ். பெயரே அதுதான்! 51 வயது மருத்துவச்சி. அந்த மாதமே நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். யாருக்கு என்ன குழந்தை, வண்டி எவ்வளவு தூரம் போயிற்று என்று தினம் ஓரிரு வரி. கணவர் இன்னொருத்தியை மணந்த துக்கத்தையும் மறைக்கவில்லை. அவர் பார்த்த பிரசவங்கள் 3,977 என்கிறார்கள்! 1997-ல் அந்த நாட்குறிப்பு புத்தகமாகவே வந்தது.

என் அம்மாவும் தெருவுக்கே கைவைத்தியம் பார்த்தவள்தான். ஒரு வரி எழுதி வைக்கவில்லை; எல்லாம் அவளோடேயே போயிற்று. சமையலுக்கு நடுவில் எங்கே எழுதுவது என்கிறீர்களா? மாட்டு வண்டியில் போனவரே எழுதியிருக்கிறாரே! பால் கணக்கு நோட்டிலாவது தினம் ஒரு வரி எழுதி வையுங்களேன், சகோதரிகளே!