சிரிஞ்சு நிறைய

நர்சிங் மாணவிகளுக்கு உளவியல் எடுக்கும்போது வருடா வருடம் ஒரு கேள்வி கேட்பேன். இரவு வார்டில் தனியாக இருக்கிறீர்கள். முகம் தெரியாத டாக்டர் ஒருவர் போன் செய்து ஒரு மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்கிறார். ஒரு நாளுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. கொடுப்பீர்களா? "மாட்டோம் மேடம்" என்று வகுப்பே சொல்லும்.

இது சார்லஸ் ஹாஃப்லிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1966இல் வெளியிட்ட ஆய்வு. 22 நர்சுகளுக்கு அப்படிப் போன் போனது. போனில் சொல்லும் மருந்தைக் கொடுப்பதே விதிமீறல். உண்மையில் அப்படியொரு மருந்தே கிடையாது, டப்பாவில் இருந்தது வெறும் குளுக்கோஸ். 21 பேர் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வழியில்தான் அவர்களை நிறுத்தினார்கள். இதையே தாளில் எழுதிக் கேட்டபோது வேறு 12 நர்சுகளில் 10 பேர் கொடுக்க மாட்டோம் என்றிருந்தார்கள். மாணவிகள் 21 பேரும் அப்படியே.

நான் படித்த காலத்தில் இதைச் சொல்லிக்கொடுத்தவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பொம்பளைங்க, அதுவும் நர்சுங்க, சொன்னதைச் செய்வாங்க என்கிற சிரிப்பு. ஸ்டான்லி மில்கிராமின் மின் அதிர்ச்சிச் சோதனையில் கடைசி சுவிட்சுவரை போன பெண்கள் 65 சதவீதம், ஆண்களும் அதே 65 என்பதை அவர் சொல்லவில்லை.

எனக்கு அப்போது 23 வயது. ஒரு தனியார் மருத்துவமனை, நைட் டூட்டி. வயதான அம்மா ஒருவருக்குச் சர்க்கரை 320. போனில் டாக்டர் சொன்ன இன்சுலின் அளவு என் காதில் "ஃபார்ட்டி" என்று விழுந்தது. 40 யூனிட் என்றால் சிரிஞ்சு நிறைய. அந்த உடம்புக்கு அது அதிகம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஏற்றினேன். திரும்பக் கேட்டால் "காது கேக்காதா?" என்பார். அவருடைய கோபம்தான் கண்முன் நின்றது, அந்த அம்மா இல்லை.

பக்கத்து வார்டு அக்கா பஞ்சு கேட்டு வந்தார். சிரிஞ்சைப் பார்த்தார்.

"யாருக்குடி இவ்வளவு?"

அவரே போனை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஃபோர்ட்டீன்னுதானே சொன்னேன்" என்று எரிந்து விழுந்தார் டாக்டர். மறுநாள் இன்சார்ஜ் சிஸ்டரிடமும் திட்டு: ராத்திரியில் டாக்டரை இரண்டு தடவை எழுப்புவாயா?

1977இல் ரேங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் ஹாஃப்லிங்கின் சோதனையைச் சற்று மாற்றிச் செய்தார்கள். இந்த முறை நர்சுகளுக்குப் பழக்கமான வேலியம். கூட வேலை பார்ப்பவர்களிடம் கலந்து பேசவும் முடிந்தது. 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கத் துணிந்தார்கள். ஹாஃப்லிங் அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் முக்கியமான ஆய்வு.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் போன வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அந்த அக்கா பஞ்சு கேட்டு வரலைன்னா, மேடம்?"

"போட்டிருப்பேன்" என்றேன்.