மூடி போட்ட டப்பா

எங்கள் வீட்டில் ரத்தத்துக்கு ஒரு மரியாதை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பா வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார். ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஃபைலில் அடுக்குவார். மூத்திரத்துக்கு அந்த மரியாதை கிடையாது. 'யூரின்' என்றுகூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். லேபில் தரும் டப்பாவை, "அதெல்லாம் எதுக்கு, கிரியேட்டினின்தான் 1.0 இருக்கே" என்று மேஜையிலேயே வைத்துவிடுவார். அவருக்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை.

அந்த 1.0 பொய்யில்லை, தாமதமாகப் பேசும் எண், அவ்வளவுதான். சிறுநீரகத்தின் திறன் ஏறக்குறையப் பாதி போன பிறகும் ரத்தத்தில் கிரியேட்டினின் சரியாகவே தெரியலாம். மிச்சமுள்ள வடிகட்டிகள் கூடுதலாக உழைத்துச் சமாளித்துவிடும். சர்க்கரை நோயில் பெரும்பாலும் முதலில் வாய் திறப்பது மூத்திரம்தான். ரத்தத்திலேயே தங்கவேண்டிய ஆல்புமின் என்ற புரதம் அதில் கசியத் தொடங்கும். நிறையப் போனால் நுரைக்கும். கொஞ்சமாகப் போகும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், கரண்டியில் மூத்திரத்தை ஊற்றி மெழுகுவர்த்தியில் சூடாக்கி, அது திரிகிறதா என்று பார்த்தார். அவருக்குக் கூச்சம் இருந்திருந்தால் இந்த நோயைப் புரிந்துகொள்ள இன்னும் நாளாகியிருக்கும்.

"நெறைய தண்ணி குடிச்சிட்டுப் போனா எல்லாம் நீத்துப் போயிடாதா?" என்று அப்பா கேட்டார். நல்ல கேள்வி. அதனால்தான் ஆல்புமினோடு மூத்திரத்தில் உள்ள கிரியேட்டினினையும் அளந்து விகிதம் பார்க்கிறார்கள். ரசத்தில் தண்ணீர் கூடினால் உப்பும் புளியும் சேர்ந்தேதான் நீர்க்கும். ஒன்றுக்கு மற்றது எவ்வளவு என்பது மாறாது.

ஒருவழியாகக் கொடுத்தார். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டியது 140 என்று வந்தது. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி என்றாலும் ஏறும் என்பதால் இடைவெளி விட்டு மறுபடி பார்த்தோம். அதேதான். வடிகட்டியின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றை டாக்டர் எழுதினார். "இப்பவே தெரிஞ்சது நல்லதுங்க" என்றார். அப்பா ஃபைலில் புதிதாக ஒரு பக்கம் சேர்த்தார்.

அம்மாவுக்குப் பல வருடமாகப் பிரஷர். அவளுக்கும் இந்த டெஸ்ட் வேண்டும். ஆனால் நாப்கினைப் பேப்பரில் சுற்றித் தரும் ஊர் இது. லேபில் நாலு ஆம்பளைங்க நடுவில் அந்த டப்பாவை எப்படி நீட்டுவது என்பதுதான் அவளுடைய கவலை.

"நான் கொண்டுபோய்க் குடுக்கிறேம்மா."

"கருப்புக் கவர்ல போட்டுக்கோ."

"வேணாம். மூடி இருக்குல்ல, அது போதும்."